தும்மல் போல வரவேண்டிய சொல்

ஜனவரி 9, வெள்ளி

காலை 126/82. மாலை 130/84.

ரத்த அழுத்தத்தை நாளுக்கு இருமுறை குறித்துவைக்கச் சொன்னார் டாக்டர். அதற்காக வாங்கிய நோட்டு இது. இரண்டு எண்களுக்காக ஒரு பக்கத்தை வீணாக்க மனம் வரவில்லை. மிச்ச இடத்தில் எழுதுகிறேன்.

முப்பது வாரம் முடிந்துவிட்டது. நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை அடைத்துக்கொண்டு கீழே கிடக்கிறது. விமானம் ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, அடிக்கடி படி இறங்கக்கூடாது, பதறக்கூடாது. கடைசியை மட்டும் டாக்டர் இரண்டு முறை சொன்னார். பிப்ரவரி 25 அன்று அறுவை. தலைப்பிரசவத்துக்கு அருப்புக்கோட்டை போயிருக்க வேண்டியவள், சைகோனில் ஒரு சந்துக்குள், மாடி வீட்டில், இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன்.

நான் போக முடியாததால் அம்மா வருகிறாள். பிப்ரவரி ஒன்றாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மதுரையைத் தாண்டாதவள் கடலைத் தாண்டப்போகிறாள். நாட்களை அதற்காகத்தான் எண்ணுகிறேன். குழந்தைக்காக எண்ணுவதுபோல எல்லோரிடமும் காட்டிக்கொள்கிறேன்.


ஜனவரி 12, திங்கள்

128/84. மாலை எடுக்க மறந்தேன்.

கீழ்வீட்டு சி தூ பப்பாளி கொண்டுவந்தார். இந்த வீட்டின் சொந்தக்காரர், தையல்காரர். முப்பத்தெட்டு வயது. 'சி' என்றால் அக்கா. 'தூ' என்றால் நான்கு. வந்த புதிதில் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல நாக்கு கூசியது. அப்பாவிடம் சொன்னபோது போன் அதிரச் சிரித்தார். "குடியிருக்க வீடு குடுத்த மகராசிய சீ, தூன்னா கூப்புடுற? உருப்படுவியா தாயி?"

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தின் மேலிருந்து கீழே நிற்பவரிடம் கத்துவதுபோலத்தான் இன்றும் போனில் பேசுவார். எங்கள் நேரம் மாலை ஏழரைக்கு, அங்கே ஆறு மணிக்கு, தினமும் ஒரு குரல் செய்தி வரும். "தாயி, சாப்ட்டியா? நான் சாப்ட்டேன்." ஆறு மணிக்கு அவர் என்ன சாப்பிட்டிருப்பார் என்று நான் கேட்டதில்லை.

இன்று சி தூவிடம், உங்களுக்கு முன்னால் இரண்டு பேர்தானே, நீங்கள் எப்படி நான்கு என்று கேட்டேன். "மூத்த பிள்ளைய 'ரெண்டு'ன்னுதான் கூப்புடுவோம் எம். ஒண்ணுன்னு கூப்பிட்டா ஆவி வந்து தூக்கிட்டுப் போயிடும்னு எங்கம்மா சொல்லும். கணக்குல ஒண்ணே இல்லைன்னா எதைத் தூக்கும்?" 'எம்' என்பது தங்கை, அதாவது நான்.

எங்கள் ஊரில் தவமிருந்து பெற்ற பிள்ளைக்குக் குப்பம்மாள் என்று பெயர் வைப்பது நினைவுக்கு வந்தது. விதியை ஏமாற்ற எல்லா ஊரிலும் ஏதோ ஒரு பொய் வைத்திருக்கிறார்கள். புரிந்தது என்று காட்ட, வியட்நாமிய மொழி வகுப்பில் படித்த சொல்லைச் சொன்னேன். "ஆ, தி ரா." அடடா, விஷயம் இப்படியா என்று பொருள். 'ரா' என்றால் வெளியே வருவது.

சி தூ சிரித்த சிரிப்பில் பப்பாளி விதை சிந்தியது. "ஏன் எம், பரீட்சைக்கா ஒப்பிக்கிற? அது தும்மல் மாதிரி வரணும். யோசிச்சா தும்முவாங்க?"


ஜனவரி 15, வியாழன்

126/80.

பொங்கல். கணவர் ராஜவேல் குக்கரில் பொங்கினார். குக்கர் பொங்காது, விசிலடிக்கும். விசிலுக்கு நானே "பொங்கலோ பொங்கல்" சொன்னேன்.

அப்பாவின் செய்தி இன்று மூன்று நிமிடம். "தாயி, உங்கம்மா பொட்டி கட்டியாச்சு. இருவத்தஞ்சு கிலோல கருப்பட்டியே பத்து கிலோ. பேறுகால லேகியம் தனி. பிளேன்ல ஏத்துவானா, எடைக்கடையில விட்ருவானான்னு தெரியல." பின்னால் அம்மாவின் குரல்: "கயலுட்ட வெளக்குமாறு இருக்கான்னு கேளுங்க." அப்பா: "வியட்நாம்ல வெளக்குமாறு இல்லாமலா இருப்பான்? இவ எடுத்துட்டு வந்தாலும் வருவா தாயி, சாக்கிரத."

இதை நான்கு முறை கேட்டேன்.


ஜனவரி 19, திங்கள்

130/86. உப்பைக் குறைக்க வேண்டும்.

ஒரு தோட்டக்கலைக் கையேட்டுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். சென்னைப் பதிப்பகம் அனுப்புவதைப் படுத்துக்கொண்டே திருத்தி அனுப்புகிறேன். எட்டு ஆண்டு மெய்ப்புப் பார்த்ததில் கற்றது ஒன்றுதான்: கண் எதிர்பார்ப்பதைத்தான் படிக்கும். எழுத்து மாறியிருந்தாலும் பழைய சொல்லையே காட்டும்.

சி தூ இரண்டு காரணங்களுக்காக மேலே வந்தார். முதலாவது, ரசம் கொதிக்கும்போது வரும் வாடை என்ன என்று கேட்க. பெருங்காயக் கட்டியை முகரக் கொடுத்தேன். முகம் சுருங்கி, உடனே விரிந்தது. "ஹென் சி! சந்துப் பூனை ஒரு வருசமா மாடிப்பக்கமே வரல!"

ஹென் சி. வகுப்பில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. தெற்கத்தியர் பேச்சாம். நம் 'அதானே பார்த்தேன்' போலத்தான். ஆனால் நம் சொல்லில் சிறு பெருமையடிப்பு இருக்கிறது. ஏதோ நான் முன்பே பார்த்துவிட்டதுபோல. இதில் அது இல்லை. புரியாமல் நின்ற நாட்கள் எல்லாம் ஒரே மூச்சில் புரிந்துபோன களைப்பு மட்டும் இருக்கிறது. நானும் சொல்லிப்பார்த்தேன். மறுபடி சிரித்தார். "வாய் சொல்லுது, வயிறு சொல்லல."

இரண்டாவது காரணம்தான் பெரிது. பிப்ரவரி 17 இவர்களுடைய புத்தாண்டு. அன்று காலை வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவரைப் பொறுத்துத்தான் ஆண்டு முழுவதும் அமையுமாம். ஆளை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துச் சொல்லிவைப்பார்கள். இந்த ஆண்டு என்னைக் கேட்டார். "நீ வந்தா ரெண்டு பேர் வந்த மாதிரி. எவ வீட்டுக்குக் கெடைக்கும் இந்த யோகம்?" பதினான்கு படி, ஒருமுறை, ராஜவேல் கையைப் பிடித்து இறங்கலாம் என்று டாக்டரிடம் அனுமதியும் வாங்கிவிட்டார். எனக்காகச் சிவப்புப் பட்டில் ஒரு ஆஓ யாய், இவர்களுடைய நீள அங்கி, வயிற்றுக்கு இடம்விட்டுத் தைக்கப்போகிறார். டேப்பை என் வயிற்றைச் சுற்றிப் பிடித்துவிட்டு எண்ணைச் சந்துக்கே கேட்கும்படி கத்தினார்.

அயல் ஊரில் இரண்டரை ஆண்டு. யாரும் என்னை எதற்கும் முதலாவதாகக் கூப்பிட்டதில்லை.


ஜனவரி 24, சனி

அப்பாவின் செய்தி வரவில்லை.

ராஜவேலுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு. வடக்கே ஹாய்ஃபோங் துறைமுகத்தில் நூல் கண்டெய்னர் ஏதோ சிக்கலாம். இவர் கம்பெனி ராஜபாளையம் பக்கத்து மில்களிலிருந்து நூல் இறக்குமதி செய்கிறது. உடனே கிளம்பவேண்டுமாம். பாஸ்போர்ட்டைத் தேடினார். உள்நாட்டுப் பயணத்துக்கும் வெளிநாட்டவர் காட்டவேண்டும் என்றார். புதன்கிழமைவரை சி தூ மேலே வந்து படுத்துக்கொள்வார்.

போகும்போது என் தலையில் கை வைத்து வெகுநேரம் நின்றார். "நாலு நாளுதான்" என்றேன். சிரிக்கவில்லை.


ஜனவரி 26, திங்கள்

134/88.

நேற்றிரவு தம்பி கதிரேசன் பேசினான். அப்பாவுக்குக் குரல்வளையில் வீக்கமாம். ஒரு மாதம் வாயே திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "நாப்பது வருசம் போஸ்ட் மரத்துல நின்னு கத்துனா வராம என்ன செய்யும்" என்றேன். "ஆமாக்கா" என்றான். வழக்கமாக என்னிடம் ஆமா போடுகிறவன் இல்லை.

நான் அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். "நீங்க பேச வேண்டாம். நான் பேசறேன், நீங்க கேளுங்க." காலையில் பார்த்தபோது இரண்டு கோடும் நீலமாகியிருந்தன. கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்திருந்தது. அப்பாவுக்கு அதெல்லாம் அனுப்பத் தெரிந்துவிட்டது.


ஜனவரி 28, புதன்

ராஜவேல் திரும்பிவிட்டார். மேலே வருவதற்கு முன் சி தூ வீட்டுக் குளியலறையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தார். பயண அழுக்காம். பின்கழுத்து கருத்துப்போயிருக்கிறது. ஹாய்ஃபோங்கில் குளிர், ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது என்று செய்தியில் சொன்னார்கள். உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம். புது ஷூ என்றார். போகும்போது பழைய ஷூதான் போட்டிருந்தார்.

நூல் கண்டெய்னர் என்னவாயிற்று என்று கேட்டேன். "எல்லாம் முடிஞ்சுருச்சு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.


பிப்ரவரி 1, ஞாயிறு

142/92. எழுதக் கை வரவில்லை.

அம்மா வரவில்லை.

காலையில்தான் சொன்னார்கள். அப்பாவை இந்த நிலையில் விட்டுவிட்டு வர முடியாதாம். தொண்டை வீக்கம்! கதிரேசன் இருக்கிறான், சித்தி அடுத்த தெருவில் இருக்கிறாள். ஒரு மாதத்துக்குக் கஞ்சி வைத்துக்கொடுக்க ஆளில்லையா?

கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதிவைக்கிறேன், பிறகு மாற்றிச் சொல்லாமல் இருக்க. "ஒங்களுக்கு மகளவிட அப்பா தொண்டைதான் பெருசு. நான் இங்க செத்தாலும் அவருக்குக் கஞ்சி ஊத்திட்டுத்தான் வருவீங்க."

அம்மா, "அப்பிடியே வச்சுக்க கயலு. நேரத்துக்குச் சாப்புடு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. என் அம்மா வட்டியோடு திருப்பித் திட்டுகிறவள்.


பிப்ரவரி 3, செவ்வாய்

136/90.

கீழே சி தூ மஞ்சள் பூச்செடியின் இலைகளை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டிருக்கிறார். புத்தாண்டுக்கு இரண்டு வாரம் முன்பு எல்லா இலையையும் உதிர்த்துவிட்டால் அந்த நாளில் பூக்குமாம். ஜன்னலிலிருந்து பார்த்தால் செடி பட்டுப்போனதுபோல நிற்கிறது.

அம்மாவிடம் பேசவில்லை. நேற்றிரவு அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். அம்மாவைப் பற்றி நிறையப் புகார். விடிவதற்குள் நீலக் கோடு. கட்டைவிரல் வரவில்லை.


பிப்ரவரி 8, ஞாயிறு

ராஜவேல் காலையிலேயே எழுந்து உளுந்து ஊறப்போட்டு வடை சுட்டார். பாயசம், பருப்பு, இரண்டு கூட்டு. எங்கிருந்தோ வாழையிலை. "என்ன விசேஷம்?" என்றேன். "ஆசையா இருந்துச்சு." முதல் வடையையும் ஒரு பிடி சோற்றையும் ஜன்னல் விளிம்பில் வைத்தார். இந்தச் சந்தில் காக்கையே கிடையாது. "குருவி தின்னட்டும்" என்றார். குருவி வரும்வரை சாப்பிடாமல் நின்றார்.

வடையில் உப்பு அதிகம். சொல்லவில்லை. மனிதர் இரண்டு வாரமாகவே சரியில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் இங்குள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர், இரண்டு வெள்ளியாகப் போகவில்லை. பிரசவத்துக்கு நான் பயப்படுவதைவிட இவர் அதிகம் பயப்படுகிறார் போலிருக்கிறது.


பிப்ரவரி 12, வியாழன்

138/88.

நானே விட்டுக்கொடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன். வீடியோவில் வந்தால்தான் பேசுவேன் என்றேன். இருபது நாளாக வெறும் குரல்தான். கேட்டால் நெட் இல்லை, போன் சூடாகிறது. பத்து நிமிடம் கழித்து வந்தாள். மாம்பழ நிறச் சேலை. இளைத்திருக்கிறாள். நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு, கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்து ஒட்டியிருந்தது. குங்குமத்தைத் தவிர எதையும் நெற்றியில் வைக்காதவள். "என்னம்மா, பேஷனெல்லாம் வந்துருச்சு?" என்றேன். "ம். கதிரேசன்தான் வாங்கிட்டு வந்தான்" என்றாள்.

அப்பாவைக் காட்டச் சொன்னேன். தூங்குகிறாராம்.

"கோவமாம்மா எம்மேல?"

"ஒங்கிட்ட எனக்கென்ன கோவம். நீ பத்தரமாப் பெத்துப் பொழச்சு வா. அது போதும்."

பெரிய வார்த்தையாகச் சொல்கிறாளே என்று தோன்றியது. அதற்குள் கட் ஆகிவிட்டது.


பிப்ரவரி 14, சனி

சி தூ மேலே வந்தார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். பிறகு சொன்னார்: "எம், செவ்வாக்கெழம நீ எறங்க வேணாம். படி வழுக்கும்."

"மழையே இல்லையே?"

"வழுக்கும்."

"உள்ளதச் சொல்லுங்க சி. கர்ப்பிணி மொதல்ல வந்தா ஆகாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

அவர் என் பாதத்தைப் பிடித்து அமுக்கத் தொடங்கினார். வீங்கிய பாதம். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. "படி வழுக்கும்" என்று மூன்றாவது முறை சொன்னார்.

தைத்த உடையைக் கொடுத்துவிட்டுப் போனார். சிவப்பில்லை. சாம்பல் கலந்த வெளிர் நீலம். சிவப்புத் துணி போதவில்லையாம். அளவெடுத்த அன்றே சிவப்புப் பட்டை வெட்டிக் கொண்டுவந்து என்னிடம் காட்டியவர்.

முதலாவதாக அழைத்தவர்களும் கைவிட்டார்கள். அம்மாவும் வரவில்லை. மெய்ப்பில் ஒரு அத்தியாயம் மிச்சம்.


பிப்ரவரி 17, செவ்வாய்

ஜன்னலிலிருந்து பார்த்தேன். மஞ்சள் பூ சொன்ன நாளில் பூத்துவிட்டது. காலை ஏழு மணிக்குப் பின்சந்து மளிகைக்கடைப் பெண், சிவப்பு உடையில், சிரித்துக்கொண்டே முதலாவதாக உள்ளே போனாள். சி தூ வாசலில் அவளை வரவேற்றுவிட்டு நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தார். நான் விலகிக்கொண்டேன்.


பிப்ரவரி 19, வியாழன்

காலை 134/86. மாலை எடுக்கவில்லை.

ஊட் வந்திருந்தாள். சி தூவின் கடைசித் தங்கை. 'ஊட்' என்றாலே கடைக்குட்டி. கான்தோவில் வாத்துப்பண்ணை. அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. வாழையிலையில் உருட்டிக் கட்டிய பசையரிசிச் சோற்றை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறிவந்தாள். "அக்கா கீழ சூப் வைக்குது. நீ எறங்க மாட்டேங்கிறியாமே? நான்தான் எட்டிப்பாக்கலாம்னு வந்தேன்."

எனக்குக் கோபம் தாங்கவில்லை. "நானா எறங்க மாட்டேன்னேன்? ஒங்கக்காதான் கூப்பிட்டுட்டு வேணாம்னுட்டாங்க. வயித்துப்பிள்ளக்காரி வந்தா ஆகாதா ஒங்களுக்கு?"

"யாரு சொன்னா?" ஊட் சோற்றை வட்டமாக நறுக்கிக்கொண்டே சொன்னாள். "வயித்துல புள்ளன்னா எங்களுக்கு ரொம்ப விசேஷம். ஒரு மாசமா அக்கா போன் போட்டுப் பீத்திக்குது, எங்க வீட்டுக்கு ரெண்டு பேர் கால் வைக்கப்போறாங்க, ஒன் வீட்டுக்கு வாத்துதான் வரும்னு. சாவு விழுந்த வீட்டுக்காரங்களத்தான் கூப்புட மாட்டோம். அவங்களுமே வர மாட்டாங்க. வழக்கமா எங்க வீட்டுக்கு மொதல்ல வர்றது பக்கத்துவீட்டு ஆறாவது அண்ணன். ஐப்பசியில அவரு அப்பா போயிட்டாரா, இந்த வருசம் வாசல் வரைக்கும்கூட வரல. சிவப்பும் போட மாட்டாங்க. பாவம், வேலிக்கு அந்தப் பக்கமே நின்னு கையக் காட்டுனாரு. இந்தா, இது பன்னி இல்லாதது, ஒனக்குன்னு வாழைப்பழம் வச்சுச் செஞ்சது."

"ஹென் சி" என்றேன்.

நான் சொல்லவில்லை. வாயிலிருந்து விழுந்தது.

ஊட் கத்தியைப் போட்டுவிட்டுக் கை தட்டினாள். "ஐயோ! அப்பிடியே சைகோன்காரி! அக்கா! தூ அக்கா! மேல வா, இவ சொன்னதக் கேளு! கடைசில சொல்லிட்டா!" சிரித்துச் சிரித்து என் முழங்காலைத் தட்டினாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாழைப்பழம் வைத்த சோறு கையில் இருந்தது. இளஞ்சூடு. குழந்தை ஒருமுறை முழுதாகப் புரண்டது.

இரும்புப் படி அதிர்ந்தது. சி தூ கரண்டியும் கையுமாக வந்து வாசலில் நின்றார். சிரிப்பதற்காகத் தயாராக வைத்திருந்த முகம். என்னைப் பார்த்தார். ஊட்டைப் பார்த்தார். மறுபடி என்னை.

"ஆ" என்றார். கிணற்றில் விழும் கல்போல, கீழே கீழே போகும் 'ஆ'.

"ஒண்ணுமில்ல சி" என்றேன். "சோறு நல்லாருக்கு."

அவர் ஊட்டைக் கீழே அனுப்பினார். பிறகு கட்டிலில் என் பின்னால் ஏறி உட்கார்ந்து, என் தலையை அவிழ்த்துச் சிக்கெடுத்தார். வெகுநேரம். சூப் தீய்ந்துபோன வாசம் வந்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை.


பிப்ரவரி 20, வெள்ளி

மழையில்லை. துணி காய்ந்தது. மெய்ப்பு முடித்து அனுப்பிவிட்டேன்.


பிப்ரவரி 21, சனி

128/82. டாக்டர் மகிழ்ச்சி தெரிவித்தார். இப்படியே நாலு நாள் இருக்கவேண்டுமாம். இருக்க வேண்டும். அதற்காக இத்தனை பேர் இத்தனை நாள் பாடுபட்டிருக்கிறார்கள்.

ராஜவேலின் உள்ளங்காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். கொப்புளம் ஆறித் தோல் உரிந்திருக்கிறது. தார்ச்சாலை மதியத்தில் எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலிருந்து கண்மாய்க்கரை மயானம்வரை நிழலே கிடையாது.

"ஹாய்ஃபோங்ல வெயில் அதிகமோ?" என்றேன்.

கால் என் மடியில் விறைத்தது. "கொஞ்சம்" என்றார்.

"கூட்டம் நெறையவா?"

"நெறைய" என்றார். "கம்பெனி ஆளுங்க எல்லாரும் வந்திருந்தாங்க. பழைய ஆளுங்ககூட."

"நல்லது" என்றேன். இன்னொரு காலை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் கையால் கண்ணை மூடிக்கொண்டார். எண்ணெய் தீரும்வரை தடவினேன்.


பிப்ரவரி 22, ஞாயிறு

பிப்ரவரி ஒன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். ஒன்பதாம் நாள். கோடிச் சேலையின் மடிப்புக்கூடக் கலையாத ஒன்பதாம் நாளில் அம்மா அதைக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, நேரத்துக்குச் சாப்பிடு என்றாள்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று நினைத்தேன். மாற்றிச் சொல்லக்கூடாது என்றுதானே எழுதிவைத்தேன். இருக்கட்டும்.


பிப்ரவரி 23, திங்கள்

126/82.

அம்மா கூப்பிட்டாள். "புதன்கெழம ஆஸ்பத்திரிக்குப் போற. வீடியோல வரவா கயலு? மொகத்தப் பாத்துக்கிறேன்."

அவள் குரலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் அட்டை கிரீச்சிடும் சத்தம். பொட்டு அட்டையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

"வேணாம்மா" என்றேன். "இங்க நெட்டு சரியில்ல. போனும் சூடாகுது."

"அப்பிடியா" என்றாள். மூச்சுவிடுவது கேட்டது. "சரித்தா. கொரல் கேட்டாப் போதும்."

கருப்பட்டியைப் பற்றிப் பேசினோம். லேகியத்துக்குச் சுக்கு எவ்வளவு என்று கேட்டேன். வரிசையாகச் சொன்னாள். நடுவில் ஒரு பொருளை மறந்துவிட்டு, பக்கத்தில் யாரிடமோ கேட்பதற்காகத் திரும்பியவள்போல அரைச்சொல்லில் நின்றாள். நான் காத்திருந்தேன். "சித்தரத்த" என்று நானே சொன்னேன். "ஆமா, சித்தரத்த" என்றாள்.


பிப்ரவரி 25, புதன்

காலை 124/80. மருத்துவமனை. ஒன்பது மணிக்கு அழைத்துப்போவார்கள். நர்ஸ் மோதிரம், தோடு எல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டாள். நோட்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள், எண் எழுதும் நோட்டு என்பதால்.

வெளியே சி தூவும் ராஜவேலும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். சி தூ மடியில் பை. அதில் அந்தச் சிவப்புப் பட்டு இருக்கிறது. குழந்தையைச் சுற்றி எடுத்துவரும் துணியாக ஓரம் அடித்துவிட்டார். "இது புதுசா வர்ற ஆளுக்கு. அதுக்கு ஒண்ணும் தெரியாது. அது செவப்புக் கட்டலாம்" என்றார்.

ஒரு மாதமாக விடியற்காலையில் நீலமாகும் கோடுகளைப் பற்றி இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் அனுப்பிய அத்தனை செய்தியும். அம்மாவைப் பற்றிய புகார்கள் உட்பட.

அப்பாவின் எண்ணைத் திறந்து பேசினேன்.

"அப்பா, இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ள கூப்புட்ருவாங்க. பயமில்ல. அம்மாகிட்டச் சொல்லுங்க, எனக்குக் கோவமில்லன்னு. நான் பேசுனதெல்லாம் தெரியாமப் பேசுனதுன்னு சொல்லுங்க. அவங்க வராதது சரிதான்னு சொல்லுங்க. அவங்களுக்கு முடியுறப்ப வரட்டும், நான் எங்கயும் போகல. அப்புறம் அவங்க சாப்புடுறாங்களான்னு பாருங்கப்பா. இளைச்சிருக்காங்க. சாப்ட்டாங்களான்னு மட்டும் எனக்குச் சொல்லணும் நீங்க."

அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே ஏழு மணிகூட ஆகியிருக்காது. உடனே நீலமானது. ஒன்றும் வரவில்லை. நர்ஸ் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். போனை வாங்கக் கை நீட்டினாள். ஒரு நிமிடம் என்றேன்.

ஒரு மாதம் கழித்து அந்த எண்ணிலிருந்து முதல் குரல் செய்தி. நான்கு விநாடி. காதில் வைத்தேன். அம்மாவின் குரல். அவள் ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"சாப்ட்டேன் தாயி."